எதிர்ப்பக்க நாற்காலி

விஜய்பாண்டி கறுப்புக் குதிரையைப் பலகையின் ஓரக் கட்டத்தில் வைத்தான். பிறகு அதன் முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பினான்.

ஸ்ரீமதி அதைப் பார்த்தாள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது; தகரக் கூரையின் மேலும் வாழை இலைகளின் மேலும் ஒரே அளவாக விழும் அந்தச் சத்தத்துக்கு அடியில், வெகு தூரத்தில், யாரோ நிறுத்தாமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல் குற்றாலத்து மெயின் அருவி கேட்டது; நனைந்த சுவரின் வாசனையும், பக்கத்து லாட்ஜில் குளிக்கக் கிளம்புகிறவர்கள் தேய்த்துக்கொள்ளும் எண்ணெயின் வாசனையும் ஜன்னல் வழியே சேர்ந்து வந்தன.

"எதுக்கு அப்படித் திருப்புனிய?" என்றாள்.

"எதை?"

"குதிரையை."

அவன் குனிந்து பார்த்தான். "தெரியலட்டி. கை தானாத் திருப்பிட்டு."

சுரண்டை ஞானசம்பந்தம் தன் குதிரைகளை அப்படித்தான் வைப்பார். இரண்டும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். போட்டியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தபோது அதை அவள் கவனித்திருந்தாள். விஜய்பாண்டி அவரை நேரில் பார்த்ததில்லை. அவள் போனில் எடுத்த வீடியோவில்தான் பார்த்திருந்தான். வீடியோ அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. அதில் அவர் தோளும் கைகளும்தான் தெரியும். குதிரைகள் தெரியாது.

நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். சொன்ன ஞாபகம் இல்லை.

"மறுபடி," என்றாள். "முதல்ல இருந்து."

மாவட்டத் தேர்வுப் போட்டியில் கடைசி இடத்துக்கு இருவர் சமமாக நின்றார்கள். ஒருவர் ஸ்ரீமதி. மற்றவர் ஞானசம்பந்தம். ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் இருவருக்கும் ஒரே ஓர் ஆட்டம். ஜெயித்தவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். குலுக்கலில் வெள்ளைக் காய் அவளுக்கு வந்தது. முதலில் நகர்த்துவது லாபம் என்பதால், அதற்கு ஈடாக, டிரா ஆனால் இடம் அவருக்கு. அவள் ஜெயித்தே ஆகவேண்டும். மாநிலப் போட்டியில் ஆடியிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அவளுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதுதான் கடைசி என்று விஜய்பாண்டியிடம் சொல்லியிருந்தாள். போன வருஷமும் அப்படித்தான் சொன்னாள்.

ஞானசம்பந்தம் ஒரே ஒரு தொடக்கம்தான் ஆடுவார். பிரெஞ்ச் டிஃபென்ஸ். வாலிபத்தில் பிடித்ததை இன்னும் விடவில்லை. வெள்ளை ராஜாவின் சிப்பாயை நகர்த்தினால் அவர் தன் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னால் வைப்பார். கதவைப் பாதி சாத்துவதுபோல. இன்னும் சில நகர்த்தல்களில் ராணிப் பக்கம் முழுவதையும் பூட்டிவிடுவார். அதன்பிறகு எதுவும் நடக்காது. எதிரில் இருப்பவருக்குப் பொறுமை போகும். கை தானாக எதையாவது நகர்த்தும். அந்த ஒரு நகர்த்தலுக்காக அவர் உட்கார்ந்திருப்பார். மதுரையில் ஒரு கல்லூரி மாணவனை அவர் அப்படித் தோற்கடித்த ஆட்டத்தை ஸ்ரீமதி திரும்பத் திரும்பப் படித்தாள். எந்த இடத்தில் அந்த மாணவன் தோற்றான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. தவறு எங்கும் இல்லை. ஆனாலும் தோற்றிருந்தான்.

சென்னைப் பயிற்சி முகாமில் ஒரு வழி சொல்லித் தந்திருந்தார்கள். எதிராளியின் ஆட்டத்தை மட்டும் படித்தால் போதாது. யாரையாவது எதிராளியாகவே எதிரில் உட்காரவைத்து ஆட வேண்டும். அவர் இருமினால் இவரும் இரும வேண்டும். அவர் எழுந்து நடந்தால் இவரும் நடக்க வேண்டும். ஆட்டத்தன்று எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கிவிட்டு எழுந்துவிட வேண்டும்.

ஸ்ரீமதிக்கு உட்காரவைக்கப் புருஷன் விஜய்பாண்டிதான் இருந்தான். இலஞ்சி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அவன் கையில் எப்போதும் வார்னிஷ் வாசனை.

"யானை நேராப் போவும்னே இப்பதான்ட்டி தெரியும். என்னைய போயி."

"நீங்க ஆட வேண்டாம். சொல்லித் தாறத வச்சாப் போதும்."

கறுப்பின் முதல் பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்ய வைத்தாள். ஞானசம்பந்தத்துக்கு வலது கை நடுங்கும். நகர்த்தும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். வீடியோவை நிறுத்தி நிறுத்தி அதைக் காட்டினாள்.

"கை நடுங்கணும்."

"நாப்பது ஆவல. அதுக்குள்ள கிழவனாக்கிட்டியே என்னைய."

"கிழவரு நல்லா ஆடுதாரு. நீங்க?"

அவன் சிரித்தான். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

அவனிடம் போகாத பழக்கங்கள் மூன்று இருந்தன. காயைக் கட்டத்தில் வைக்கும்போது நட்டை முறுக்குவதுபோல லேசாகத் திருகுவான். வலது கையால் நகர்த்திவிட்டு இடது கையால் கடிகாரத்தை அமுக்குவான். நகர்த்திய கையால்தான் அமுக்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் மறந்துபோகும். அடுத்த நகர்த்தல் நினைவில்லை என்றால் அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் எரிச்சலோடு தாடையால் காயைக் காட்டுவாள். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்குவார்கள். உடனே எழுந்து முதுகை நெட்டி முறிப்பான். "தோசை ஊத்துட்டி, பசிக்கி," என்பான். கை நடுக்கம் நின்றுவிடும்.

வியாழக்கிழமை அவன் கடையிலிருந்து வந்ததும் குளிக்கவில்லை. நேராகக் கறுப்புக் காய்களின் பக்கம் போய் உட்கார்ந்தான்.

"காபி?"

வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

அவள் சிப்பாயை நகர்த்தினாள். அவன் தன் சிப்பாயை ஒரு கட்டம் வைத்தான். திருகவில்லை. இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அதே வலது கை போய்க் கடிகாரத்தை அமுக்கியது.

நல்லது என்று நினைத்தாள். ஒருவழியாகப் படிந்துவிட்டது.

ராணிப் பக்கம் பூட்டப்பட்டது. குதிரை ஓரத்துக்குப் போனது. அவளைப் பார்க்காமல் நின்றது. பத்தாவது நகர்த்தல். பன்னிரண்டாவது. அதோடு அவன் படித்தது முடிந்தது. வழக்கமாக இங்கே அவன் கைகளை விரித்து, "அவ்வளவுதான் சரக்கு," என்பான்.

அவன் யோசித்தான்.

யோசித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கண்கள் பலகையில் மெதுவாக ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போயின. பிறகு பிஷப்பை எடுத்துப் பின்னால், அது புறப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய் வைத்தான்.

முட்டாள்தனமாகத் தெரிந்தது. ஸ்ரீமதி அதைத் தண்டிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு வழியில் பார்த்தாள். அதுவும் அடைத்திருந்தது. சாரல் வலுத்தது. அறை இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை. வெள்ளைக் காய்கள் மட்டும் கொஞ்சம் தெரிந்தன. எதிரில் மூக்கால் சன்னமாக மூச்சு விடும் சத்தம் கேட்டது, நீளமாக, இடைவெளி விட்டு. விஜய்பாண்டி வாயால் மூச்சு விடுகிறவன் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த நிலை அவளை முழுவதும் பிடித்திருந்தது. இப்படி ஒரு நிலைக்காகத்தான் இத்தனை நாள் தேடினாள். இதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

"இருக்கட்டும்," என்றாள். "அப்படியே இருக்கட்டும். ஒண்ணையும் தொடாதிய."

"அப்ப முடிக்கலையா?"

"நாளைக்கு."

கை குலுக்காமல் எழுந்தாள்.

"சரிம்மா," என்றான்.

அவள் அடுக்களை வாசலில் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவன் அவளை ஒரு முறைகூட அம்மா போட்டுக் கூப்பிட்டதில்லை.

அன்று அவன் தோசை கேட்கவில்லை. படுக்க வந்தானா என்று அவளுக்குத் தெரியாது. விடிந்தபோது அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வேட்டி கட்டியிருந்தான். வீட்டில் கோடாலித் தைலம் வாசனை அடித்தது. வீட்டில் கோடாலித் தைலம் இல்லை.

காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"சீனி போட்டிருக்கியளே."

"எப்பவும் போடுததுதான."

அவன் டம்ளரை ஒதுக்கித் தள்ளினான். எழுந்து ஒரு கதவைத் திறந்தான். அது துணி அலமாரி. மூடினான். அடுத்த கதவைத் திறந்தான்.

"பாத்ரூம் எங்கனம்மா இருக்கு?"

அவள் கையைக் காட்டினாள்.

அவன் உள்ளே போனதும் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நேற்று அவன் பிஷப்பை எடுப்பதற்கு முந்தைய நிலையைப் போட்டாள். திரை சிறிது நேரம் ஓடியது. கறுப்புக்குச் சிறந்த நகர்த்தல்: பிஷப்பைப் பின்னால் கொண்டுபோவது. புறப்பட்ட இடத்துக்கே.

முதுகு குளிர்ந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. சந்தோஷம் போன்ற ஒன்று. அதை அவள் தன்னிடமிருந்து மறைக்கவில்லை.

பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. விஜய்பாண்டி கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் வலது கையை உயர்த்திப் பிடித்திருந்தான். விரல்களை விரித்தான். மடக்கினான். மறுபடி விரித்தான். கை ஆடவில்லை. கல்போல நின்றது. வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடையில் வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு அந்தக் கையை முகர்ந்தான். வார்னிஷ் வாசனைக்கு முகத்தைச் சுளித்தான்.

அவன் போன் அடித்தது. ஏதோ லாட்ஜிலிருந்து, மோட்டார் ஓடவில்லை என்று. அவன் வந்து போனை எடுத்துப் பார்த்தான். அடித்து ஓயும்வரை பார்த்தான்.

"கடைக்குப் போவலையா?" என்றாள்.

"இன்னைக்கு ஆடணும்லா?"

ராயகிரியில் இருக்கும் அவன் அக்காவைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். என்ன சொல்வது? உங்க தம்பிக்கு செஸ் ஆட வருது என்றா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம். கை குலுக்கி ஆட்டத்தை முடிக்கலாம். அதை இப்போதே செய்யலாம். பலகை அப்படியே இருந்தது. கையை நீட்டினால் போதும்.

உட்கார்ந்தாள்.

"இந்த இடத்துல," என்றாள். வெள்ளைக் காய்களைக் காட்டினாள். "இந்த இடத்துல வெள்ளை என்ன செய்யணும்?"

அவன் சிரித்தான். விஜய்பாண்டியின் பற்கள். சிரிப்பு வேறு.

"உங்களுக்கு ஜெயிக்கணும்லா?"

"ஆமா."

"டிரா போதாது?"

"போதாது."

"எல்லாரும் பூட்டுன பக்கத்தையே முட்டுதாங்க. அங்கன ஒண்ணும் இல்ல. ராஜாவுக்கு முன்னால நிக்குதுல்லா, எஃப் சிப்பாய். அவசரப்படாம ஏற்பாடு பண்ணிட்டு, அதத் தள்ளணும். ரெண்டு கட்டம். பொறவு இன்னொண்ணு. எனக்கு மூச்சு முட்டும்." காய்களை நகர்த்திக் காட்டினான். "அந்த மதுரைப் பையன் இதத் தள்ளியிருந்தா நான் அன்னைக்கே போயிருப்பேன். தள்ளல."

"யாரு சொல்லித் தந்தா இத?"

"வாலிபத்துல இருந்து ஆடுதேன். சொல்லித் தரணுமாம்மா?"

"நீங்க ஏன் எனக்குச் சொல்லுதிய?"

அவன் பலகையைப் பார்த்தான். வெளியே லாட்ஜுக்கு வந்த ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே அருவிக்குப் போனது. ஒரு குரங்கு ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. அவனைப் பார்த்தது. பல்லைக் காட்டாமல், சத்தம் போடாமல், பின்னாலேயே நகர்ந்து போய்விட்டது.

அன்றும் மறுநாளும் ஆடினார்கள். எந்த ஆட்டத்தையும் அவள் முடிக்கவில்லை. முடிக்கலாமா என்று அவனும் கேட்கவில்லை. இரண்டு நாளில் அவள் கற்றது இத்தனை வருஷத்தில் கற்றதைவிட அதிகம். இடையில் ஒருமுறை, அவன் குனிந்திருந்தபோது, "ஏங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

ஞாயிறு காலை அவன் வாசல்வரை வந்தான்.

"வலது கைப்பக்கம் வெளிச்சம் விழுதமாதிரி உக்காருங்க," என்றான். "அவரு கையப் பாக்காதிய."

அவரு என்றான்.

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. ஒரே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். மழை வராத வானம். மேற்கிலிருந்து வந்த காற்று ஜன்னல் கொக்கிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. நடுவர் யாக்கூப் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானசம்பந்தம் முன்னமே வந்திருந்தார். மருமகள் உமா மகேஸ்வரி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். போன மாதம் பார்த்ததைவிடச் சுருங்கியிருந்தார். சட்டைப் பொத்தான்களை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். ஒன்று தவறியிருந்தது. ஸ்ரீமதியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எழுந்திருக்கப் பார்த்தார். உமா மகேஸ்வரி தோளை அமுக்கினாள்.

"உக்காருங்க மாமா. இந்தா இப்ப ஆடப் போறிய." பிறகு ஸ்ரீமதியிடம் தணிந்த குரலில் சொன்னாள். "ரெண்டு மூணு நாளா இப்படித்தான் இருக்காவ. எங்க யாரையும் தெரியல. அவுக மகனையே யாருலே நீன்னு கேக்காவ. ஆடக் கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும் ஒரே அழுகை. கூட்டியாரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு."

ஸ்ரீமதி தலையசைத்தாள். உட்கார்ந்தாள். அவர் கையைப் பார்க்கவில்லை.

யாக்கூப் ஆரம்பிக்கச் சொன்னார்.

அவள் ராஜாவின் சிப்பாயை நகர்த்தினாள்.

எதிரில் ஒரு கை வந்தது. கடுமையாக நடுங்கியது. அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வரவில்லை. நடுங்குவது எதற்கென்று புரியாமல் அதன் போக்கில் வந்தது. இரண்டு காய்கள் சாய்ந்தன. ஒருவழியாகச் சிப்பாயைப் பிடித்து ஒரு கட்டம் முன்னால் வைத்தது.

வைத்துவிட்டு லேசாகத் திருகியது.

இடது கை போய்க் கடிகாரத்தை அமுக்கியது.

"அண்ணாச்சி," என்றார் யாக்கூப். "நகத்துன கையாலயே அமுக்கணும். உங்களுக்கா நான் சொல்லணும்?"

ஸ்ரீமதி நிமிர்ந்தாள்.

கிழவரின் கண்கள். ஓரத்தில் வெள்ளை படர்ந்தவை. அவை அவளை விட்டு அகலவில்லை. பலகையைப் பார்க்கவே இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வாயால் மூச்சு விட்டார்.

அவள் நகர்த்தினாள். அவர் நகர்த்தினார். சரியான நகர்த்தல். திருகினார். அடுத்தது. சரி. அடுத்தது. ராணிப் பக்கம் பூட்டப்பட்டது. குதிரை ஓரத்துக்குப் போனது. முகம் அவளை நோக்கி நின்றது.

பன்னிரண்டாவது முடிந்தது.

அவர் கை பலகைக்கு மேல் வந்து நின்றது. நடுங்கியது. எங்கும் இறங்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

தாடையைப் பார்த்தார்.

காத்திருந்தார்.

ஜன்னல் கொக்கி அடித்தது. நின்றது. அடித்தது.

ஒரு நிமிஷம் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து நிற்கலாம். கடிகாரத்தை நிறுத்தலாம். கையை நீட்டி டிரா கேட்கலாம். இவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அங்கே முடியாமல் நிற்கும் ஆட்டத்துக்கு முன்னால் இருவரையும் உட்காரவைத்துக் கை குலுக்கி முடிக்கலாம். பிறகு? டிரா என்றால் இடம் அவளுக்கு இல்லை. அடுத்த வருஷம் என்பதும் இல்லை. விஜய்பாண்டி தோசை கேட்பான். வார்னிஷ் வாசனை. இதான் கடைசின்னு சொன்னியேட்டி என்பான். கேலியாகத்தான் சொல்வான். தினமும் சொல்வான்.

அவள் கண்ணைத் தாழ்த்தி, பலகையைப் பார்த்தாள். தாடை அசையவில்லை.

அவர் கை ஏதோ ஒரு காயில் விழுந்தது. அதை ஒரு கட்டம் தள்ளியது.

அவள் எஃப் சிப்பாயைத் தள்ளினாள்.

ரெண்டு கட்டம். பொறவு இன்னொண்ணு.

அவருக்கு எதுவும் தெரியவில்லை. யானையை நேராக நகர்த்தினார். நேராகத்தான் போகும் என்று தெரிந்தவரைப்போல. குதிரையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், யாக்கூப் திருத்தினார். ஒவ்வொரு முறையும் அவளைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. சிப்பாய்கள் உடைந்தன. வழி திறந்தது. அவள் ராணி உள்ளே போனது.

மேட்.

அவர் பலகையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"முடிஞ்சிட்டா?" என்றார்.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி," என்றார் யாக்கூப். "பரவால்ல. வயசுன்னு ஒண்ணு இருக்குல்லா."

அவர் வேகமாகக் கையை நீட்டினார். நடுங்கும் கை அவள் கையைப் பிடித்தது. ஸ்ரீமதி மூச்சை அடக்கிக்கொண்டாள். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். கண்ணை இறுக மூடிக் காத்திருந்தார். திறந்தார்.

எதுவும் நடக்கவில்லை.

"பசிக்குட்டி," என்றார். "வீட்டுக்குப் போவமா?"

உமா மகேஸ்வரி சங்கடப்பட்டாள். "மாமா! என்ன பேச்சு இது. யாருன்னு நெனச்சிய அவங்கள? தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்."

"பரவால்ல," என்றாள் ஸ்ரீமதி.

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டில் அவள் அவர்களை மறுபடி பார்த்தாள். சுரண்டை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தார். இது நம்ம பஸ் இல்ல, குத்தாலத்துக்குப் போவணும், கடை சாவி என் பைலதான் இருக்கு என்று அழுதார். கண்டக்டர் பின்னாலிருந்து தள்ளினார். வேடிக்கை பார்த்தவர்கள் பாவம் என்றார்கள். ஸ்ரீமதி ஒரு பூக்கடையின் தார்ப்பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டாள். பஸ் போகும்வரை நின்றாள்.

அழுகை வரவில்லை. குற்றாலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலாக மாநிலப் போட்டியில் யார் யார் வருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவருடைய ஆட்டத்தையும் படிக்க வேண்டும். எதிரில் உட்கார வீட்டில் ஆள் இருக்கிறது. ஆடத் தெரிந்த ஆள்.

அப்படி நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேல் பயம் வந்தது. காசிமேஜர்புரம் தாண்டும்போது அதுவும் போய்விட்டது.

வீட்டில் கதவு திறந்திருந்தது. மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். அருவிச் சத்தம்.

"ஜெயிச்சிட்டேன்," என்றாள் வாசலிலிருந்தே.

வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

பலகையில் புது ஆட்டத்துக்குக் காய்கள் அடுக்கியிருந்தன. அவன் உட்கார்ந்திருந்தான். கறுப்பின் பக்கம் இல்லை. வெள்ளையின் பக்கம். அவளுடைய நாற்காலியில். ஒரு காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அவள் அப்படித்தான் உட்காருவாள். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்திருந்தான். நெற்றியில் விழாத முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினான்.

"அந்த இடத்துல ஆரு உக்காரச் சொன்னா?"

அவன் நிமிரவில்லை.

"மாநிலத்துக்குப் போவணும்லா," என்றான். குரல் மெலிந்திருந்தது. கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தது. அந்த எரிச்சலை அவள் எங்கேயோ கேட்டிருந்தாள். "ஆளைப் படிக்கணும்ல. உக்காருங்க."

எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது.

அவள் உட்காரவில்லை. பின்னால் ஓர் அடி வைத்தாள். கதவு முதுகில் இடித்தது. யார் சாத்தியது?

அவன் யோசித்தான். வலது கை கழுத்துக்குப் போனது. சட்டைக் காலருக்குள் விரலை விட்டு எதையோ வெளியே இழுத்தான். இழுத்ததை உதட்டருகே கொண்டுபோய்ப் பல்லில் கடித்துக்கொண்டான். யோசிக்கும்போது தாலிச் செயினை அப்படிக் கடிப்பது அவளுடைய பழக்கம். யாரும் இல்லாதபோது மட்டும் செய்வது.

அவன் விரல்களுக்கிடையில் எதுவும் இல்லை.

அவன் இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

ஸ்ரீமதியின் பின்கழுத்தில் செயின் மெதுவாக நகர்ந்தது.